எக்ஸ்பிரஸின் குதிகால்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் போனதால் அது சும்மா கிடந்தது. அந்தப் பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில் இருந்த லாண்டரியில் எல்லோருக்கும் அவள் எக்ஸ்பிரஸ்.

நடை அப்படி. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் காலில் சக்கரம் கட்டிக்கொண்ட மாதிரி கிளம்புவாள். கூட இறங்கியவர்கள் தெருமுனையைத் தொடுவதற்குள் அவள் ஹோட்டலின் பின்வாசலில் இருப்பாள். "அக்கா, நடுவுல ஏதாவது ஸ்டேஷன்ல நின்னு எங்களையும் ஏத்திக்கிட்டுப் போயேன்" என்று ஒரு நாள் பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். தெருவே சிரித்தது. அன்றைக்கு ஒட்டிய பெயர் பிறகு உரியவே இல்லை. கத்தியவளுக்கு அதற்கு முன்பே ரேடியோ என்று பெயர். அது ஏன் வந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை. அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும்.

இரண்டு பேரும் ஜோடி. ஹோட்டல் அறைகளின் படுக்கைவிரிப்புகள் துவைத்து, உலர்ந்து, சூடான ரோலருக்குள் போய், அந்தப் பக்கம் சுருக்கமில்லாமல் வெளியே வரும். அவற்றை மடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. எதிரெதிரே நின்று இழுத்துப் பிடித்து, நீளவாக்கில் மடித்து, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும். நடுவில் முனைகள் சேரும். ஒருத்தி தன் முனைகளை மற்றவள் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து, தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவாள். மறுபடியும் முன்னால் வருவாள். நாள் முழுக்க இதே போக்குவரத்துதான். ஒரு நாளைக்கு எத்தனை விரிப்பு என்று கேட்காதீர்கள். மடிக்கிறவர்கள் அதை எண்ண ஆரம்பித்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

எண்ணாமல் இருப்பதற்குத்தான் ரேடியோ பேசினாள். மாமியார், மாமியாரின் அக்கா, பள்ளிக்கூடத்தில் மகன் செய்த அட்டகாசம், பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிய நாய், எல்லாம் அந்த விரிப்புக்கு மேலே போய் வந்தன. நடுவில் வந்து சேரும்போது ரகசியம், பின்னால் போகும்போது சத்தம். எக்ஸ்பிரஸ் பேசுகிறவள் இல்லை. அவள் வேலை உம் கொட்டுவது. அதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. உம் கொட்ட ஆள் இல்லையென்றால் எந்தக் கதையும் பாதியில் படுத்துவிடும். எக்ஸ்பிரஸிடம் பல வகை உம் உண்டு. 'நம்ப முடியலையே' என்கிற உம், 'அப்புறம்?' என்கிற உம், 'உன் மாமியார் மேல தப்பே இல்லையே' என்கிற உம். மெஷின் இரைச்சலையும் மீறி அது எதிர்ப்பக்கம் போய்ச் சேரும்.

வீடு என்பது ஒரே அறை. பழைய கட்டடத்தின் கடைசி மாடி, லிஃப்ட் கிடையாது. கணவர் என்று ஒருவர் இருந்தார். ஒரு மழைக்காலத்தில் தன் சட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனவர், வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு சௌக்கியமாக இருப்பதாகக் கேள்வி. இருக்கட்டும், நமக்கென்ன. குழந்தை இல்லை. தூரத்து ஊரில் ஒரு தம்பி, எப்போதாவது போன் செய்வான்.

"நல்லா இருக்கியாக்கா?"

"நல்லா இருக்கேன்டா."

"வேலையெல்லாம்?"

"போகுது."

"சரிக்கா, வச்சிடறேன்."

அவன் கெட்டவன் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று என்ற நிம்மதி அவனுக்கு. ஆனால் சாயங்காலம் கதவைச் சாத்தினால், மறுநாள் லாண்டரியில் ரேடியோ வாயைத் திறக்கும்வரை எக்ஸ்பிரஸிடம் பேசுவதற்கு ஒரு மனிதக் குரல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் ஏறும் சத்தம்தான் துணை. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் பிறகு அவள் செய்ததெல்லாம் புரியும். இல்லாவிட்டால் அசடு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள்.

வலி முதலில் காலை நேரத்தில்தான் வந்தது. எழுந்து இடது காலைத் தரையில் வைத்தாள். குதிகாலில் ஆணி இறங்கிய மாதிரி இருந்தது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகால் தரையில் படாமல் விரல்நுனியில் குளியலறைக்குப் போனாள். நடக்க நடக்கக் கொஞ்சம் குறைந்தது. சரி, சுளுக்கு என்று நினைத்தாள். மறுநாளும் அதே ஆணி, அதே இடம். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்து எழுந்தால் திரும்பவும் ஆரம்பித்தது. சில வாரங்களில் வலது காலும் சேர்ந்துகொண்டது.

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்ல முடியாததற்குக் காரணம் துண்டு அறை.

லாண்டரியின் பின்கோடியில், மெஷின்களுக்கு அப்பால், பழைய சாமான் போட்டிருந்த ஒரு சின்ன அறை உண்டு. முகம் துடைக்கும் சின்னத் துண்டுகளை அங்கே உட்கார்ந்து மடிப்பார்கள். மடிப்பார்கள் என்ன, மடிப்பாள். ஒரு நாற்காலி, ஒரு மேஜை, எதிரே ஒரு சுவர், ஒரே ஆள். கதவில் ஸ்பிரிங் வைத்திருந்ததால் அது தானே சாத்திக்கொள்ளும். நிற்க முடியவில்லை என்று யார் சொன்னாலும் சூப்பர்வைசர் அங்கே அனுப்பிவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அது இரக்கத்தில் செய்கிற காரியம். முன்பு மூட்டு வலிக்காரி ஒருத்தி அங்கே போனபோது, "கொடுத்து வச்சவ, உக்காந்த வேலை" என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். வீட்டில் ஆள் நிறைந்தவர்களுக்கு அது சொர்க்கம்தான். எக்ஸ்பிரஸுக்கு, வீட்டில் ஒரு சுவர், வேலையிலும் ஒரு சுவர் என்று ஆகிவிடும். அவளுக்கு வலியைவிட அந்த நாற்காலியிடம்தான் பயம்.

ஆகவே மூச்சு விடவில்லை. ஆனால் வைத்தியம் தெரிய வேண்டுமே. ஒரு நாள் விரிப்புகளுக்கு நடுவே மெல்லப் போட்டாள்.

"எங்க மாடி வீட்டம்மாவுக்கு ரொம்ப நாளா குதிகால் வலியாம். காலையில கால ஊனவே முடியலையாம்."

ரேடியோ ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தாள். பிறகு, "பாவம். செருப்ப மாத்தச் சொல்லுக்கா. மெத்துன்னு வாங்கச் சொல்லு" என்றாள். பக்கத்து மேஜைக்காரி காதில் அது விழுந்தது. அவ்வளவுதான், ஆளாளுக்கு டாக்டர் ஆனார்கள். ஐஸ் பாட்டிலைப் பாதத்துக்கு அடியில் உருட்டச் சொன்னாள் ஒருத்தி. சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் காலை வைக்கச் சொன்னாள் இன்னொருத்தி. ஐஸ் கூடவே கூடாது என்றாள் மூன்றாமவள். எனக்கு இந்தக் கூட்டத்தின் மேல் கோபம் உண்டு. இவ்வளவு சொன்னவர்களில் ஒருத்திகூட, ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்லவில்லை. எக்ஸ்பிரஸ் எல்லாவற்றையும் செய்தாள். ஐஸையும் உருட்டினாள், சுடுதண்ணீரிலும் நின்றாள். மெத்துமெத்தென்று செருப்பு வாங்கினாள். மாடி வீட்டம்மாவுக்கு ஒன்றும் குறையவில்லை.

அதற்குள் வேறு மாற்றங்களும் வந்துவிட்டன. சாப்பாடு குறைந்துகொண்டே போக, உடம்பு ஏறிக்கொண்டே போனது. முகம் உப்பியது. அனல் அடிக்கிற அந்த அடித்தளத்தில் அவளுக்கு மட்டும் குளிர்ந்தது, சீருடைக்குள் ஒரு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டாள். கேட்ட கேள்விக்குப் பதில் யோசித்து எடுத்து வருவதற்குள் கேட்டவள் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பாள். எல்லாவற்றையும்விடக் குரல் போனது. தொண்டை கட்டியவள் போலக் கரகரத்து, பிறகு கம்மி, மெஷின் சத்தத்தில் காணாமலே போனது.

உம் போய்ச் சேரவில்லை.

ரேடியோ கதை சொல்வாள். சரியான இடத்தில் நிறுத்துவாள். எதிரே உப்பிய முகம், அசையாத கண், சத்தமில்லாத வாய். எக்ஸ்பிரஸ் கொட்டிக்கொண்டுதான் இருந்தாள். அது அவள் பல்லைத் தாண்டி வரவில்லை, அவ்வளவுதான்.

"என்னக்கா, நான் பேசறது பிடிக்கலையா?"

"சொல்லு, கேக்கறேன்."

"என்னது?"

"கேக்கறேன்."

"சுவத்துக்கிட்டப் பேசற மாதிரி இருக்கு" என்றாள் ரேடியோ. அதற்குப் பிறகு கதைகள் சுருங்கின. மாமியார் போனாள், நாய் போனது. ஒரு நாள் காலை முழுக்க இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் விரிப்புகளை மடித்தார்கள். எக்ஸ்பிரஸுக்கு அழுகையாக வந்தது. எதற்காக வலியை மறைத்தாளோ அதுவே கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது, அவளுக்கு அது தெரியவும் தெரிந்தது.

நடையிலும் ஒரு மாற்றம். முன்பெல்லாம் நடுவில் சேரும் முனைகள் இப்போது எக்ஸ்பிரஸின் பக்கத்திலேயே சேர்ந்தன. ரேடியோ முழுத் தூரமும் வந்து போனாள். கோபத்தில் வேகமாக நடக்கிறாள் என்று எக்ஸ்பிரஸ் நினைத்தாள்.

ஒரு காலையில் கட்டிலிலிருந்து இறங்கியவளால் நிற்கவே முடியவில்லை. குளியலறைக்குத் தவழ்ந்து போனாள். பாதி வழியில் தரையில் உட்கார்ந்து, யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தாள். தம்பி இந்நேரத்துக்கு இன்னும் எழுந்திருக்க மாட்டான். எழுந்தாலும் என்ன செய்வான்? இங்கேயே விழுந்து கிடந்தால் முதலில் யாருக்குத் தெரியும்? யோசித்துப் பார்த்ததில், விரிப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வரவில்லையே என்று ரேடியோவுக்குத்தான் முதலில் தெரியும். கோபமாக இருக்கிற ரேடியோவுக்கு. அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு, கால் கொஞ்சம் ஊன வந்ததும் அடுத்த தெருவில் இருந்த கிளினிக்குக்குப் போனாள்.

அங்கே இருந்தது ஒரு பெண் டாக்டர், பொறுமைசாலி. குதிகாலை அழுத்திப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் உட்காரவைத்துச் சொன்னார்.

"உங்க தைராய்டு ரொம்ப மந்தமா வேலை செய்யுது. வைட்டமின் டி அடிமட்டத்துல இருக்கு, பி12ம் கம்மி. வெயில் படுமா உங்க மேல?"

"அடித்தளத்துல வேலை டாக்டர். போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு."

"நாள் முழுக்க சிமெண்ட் தரையில நிக்கறீங்க, எடையும் ஏறியிருக்கு. குதிகால் அதனாலயே வலிக்கும். உள்ள தைராய்டும் வைட்டமினும் சரியில்லன்னா அந்த வலி ஆறாம இழுத்துக்கிட்டே போகும். தசையெல்லாம் இறுகிப்போகும்."

"குரலு?"

"அதுவும் தைராய்டுதான். அசதி, குளிர், மறதி, மந்தம், எல்லாம்."

எக்ஸ்பிரஸ் கம்பளிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "அப்போ நான் சிடுமூஞ்சியா மாறிடல இல்ல டாக்டர்?" என்று கேட்டாள். டாக்டர் சிரித்தார். எக்ஸ்பிரஸ் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

மாத்திரைகள் கொடுத்தார். தைராய்டு மாத்திரையை விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும், அதன் பிறகு நேரம் விட்டுத்தான் டீ. கால்சியமும் மற்றதும் மத்தியானம் சாப்பிட்ட பிறகு. தெளிவாகத்தான் சொன்னார்.

மத்தியானம் என்பதில்தான் சிக்கல். லாண்டரியின் சீருடையில் பாக்கெட் கிடையாது, எதுவும் விரிப்போடு மெஷினுக்குள் போய்விடக் கூடாதென்று அப்படித் தைத்திருப்பார்கள். மாத்திரை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் சாப்பாட்டு அறைக்குப் போக வேண்டும். அங்கே நீளமாக ஒரே மேஜை. ஒருத்தி தும்மினால் எல்லோருக்கும் ஏன் என்று தெரிய வேண்டும். மாத்திரையைக் கண்டால் விடுவார்களா? என்ன மாத்திரை, எதுக்கு, யார் கொடுத்தது, எந்தக் கால்? கோடியில் உட்கார்ந்து சாப்பிடும் சூப்பர்வைசர் காதுக்கு அது போக எவ்வளவு நேரமாகும்? பிறகு நாற்காலி, சுவர், ஸ்பிரிங் கதவு.

எல்லாம் ஒரே வயிற்றுக்குத்தானே போகிறது என்று முடிவு செய்தாள். விடிகாலையில், பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்தில், எல்லா மாத்திரைகளையும் ஒரே வாயில் போட்டு டீயோடு விழுங்கினாள். ஒரு நாள் தவறாமல் விழுங்கினாள். அவ்வளவு ஒழுங்காக ஒரு தப்பைச் செய்தவர்கள் குறைவு.

மாதங்கள் போயின. மறுபடி ரத்தம் பார்த்தபோது தைராய்டு அசையவே இல்லை. "சரியா சாப்பிடறீங்கதானே?" என்று கேட்டார் டாக்டர். "சாப்பிடறேன் டாக்டர்" என்றாள். அளவைக் கூட்டிக் கொடுத்தார். அதையும் டீயோடு விழுங்கினாள். ஆணி இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்போதுதான் அந்தக் காலை வந்தது. மேலே அறைகளுக்கு விரிப்பு போதவில்லை என்று புகார். சூப்பர்வைசர் நேராக இவர்கள் மேஜைக்கு வந்து நின்றார்.

"எல்லா டேபிளும் ஓடுது, இது மட்டும் ஏன் இழுக்குது? ரெண்டு பேர்ல யாருக்கு முடியல? சொல்லுங்க, திட்ட வரல."

எக்ஸ்பிரஸ் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. தைராய்டு மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க நான் அவளை விட மாட்டேன். அன்றைக்குக் குரலை அடைத்தது பயம்.

"எனக்குத்தான் சார்" என்றாள் ரேடியோ. "குதிகால் வலி. கொஞ்ச நாளாவே."

எக்ஸ்பிரஸ் தலை நிமிரவில்லை. கையிலிருந்த முனைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரேடியோ தன் முனைகளை ஒழுங்காக மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, சூப்பர்வைசரின் பின்னால் துண்டு அறைக்குப் போனாள். கதவு தானே சாத்திக்கொண்டது.

ரேடியோவின் இடத்துக்கு ஒரு புது ஆள் வந்தாள். எல்லோரும் அவளைப் புதுசு என்றார்கள். நல்ல பெண், இரண்டு காதிலும் பாட்டு. முனையை வாங்கும்போது ஒப்புக்கு ஒரு சிரிப்பு, அதோடு சரி. எக்ஸ்பிரஸ் பல்லைக் கடித்துக்கொண்டு முழுத் தூரமும் நடந்தாள். அப்போதுதான் தெரிந்தது, இத்தனை நாளும் தன் பங்கு நடையையும் சேர்த்து யார் நடந்திருக்கிறார்கள் என்று. உறைத்தது. ஆனாலும் போய்ச் சொல்ல வாய் வரவில்லை. சாப்பாட்டு மேஜையில் ரேடியோ தள்ளி உட்கார்ந்தாள், தலையைக் குனிந்து சாப்பிட்டாள், எழுந்து போனாள். அவள் இப்போதெல்லாம் பேசுவதே இல்லை என்று மற்றவர்கள் ஆச்சரியப்பட்டார்கள்.

ஒரு சாயங்காலம், அழுக்குத் துண்டுகளின் வண்டியைத் தள்ளிக்கொண்டு எக்ஸ்பிரஸ் அந்த அறைப் பக்கம் போக வேண்டியிருந்தது. மூடிய கதவுக்கு உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. யாரோ கூட இருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நின்றாள்.

"...கணக்கு டீச்சர் கூப்பிட்டு விட்டிருக்காங்க. போனா, இவன் பெஞ்சுக்கு அடியில படுத்துத் தூங்கியிருக்கான்..."

குரல் நின்றது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "கேட்டா, பெஞ்சுக்கு மேல இடமில்லங்கறான்" என்று தொடர்ந்து, மறுபடி நின்றது. உள்ளே வேறு யாரும் இல்லை. ரேடியோ சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். உம் வர வேண்டிய இடங்களிலெல்லாம் நிறுத்தி, அது வராததால் தானே தொடர்ந்துகொண்டிருந்தாள்.

எக்ஸ்பிரஸ் வண்டியைப் பிடித்தபடி நின்றாள். இந்தச் சுவரை அவளுக்குத் தெரியும். தன் வீட்டில் இருப்பதும் இதே சுவர்தான். அதை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். உம் என்று சொல்லப் பார்த்தாள். தொண்டையில் வெறும் காற்று வந்தது.

மறுநாள் கிளினிக்கில் டாக்டர் வழக்கம்போலக் கேட்டார். "சரியா சாப்பிடறீங்கதானே?"

"இல்ல டாக்டர்."

எல்லாவற்றையும் சொன்னாள். டீ, அவசரம், பாக்கெட் இல்லாத சீருடை, நாற்காலி. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கால்சியத்தையும் தைராய்டு மாத்திரையையும் சேர்த்துப் போட்டா, கால்சியம் அதைப் பிடிச்சு வச்சுக்கும். உடம்புக்குள்ள போக விடாது. டீயும் அப்படித்தான். இத்தனை மாசமா நீங்க மருந்த முழுங்கியிருக்கீங்க, ஆனா உங்களுக்குள்ள அது சேரவே இல்ல. நான் வேற அளவக் கூட்டிட்டு இருக்கேன். இனிமே பழைய அளவே போடுங்க." கோபம் இருந்தது, ஆனால் குரலைத் தணித்துக்கொண்டார். "கால்சியம் மத்தியானம்தான். வேலை பண்ற இடத்துல, எல்லாருக்கும் நடுவுல. முடியுமா?"

"முடியும்" என்றாள் எக்ஸ்பிரஸ். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். முடியுமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் சாப்பாட்டு அறையில் சாப்பிட்டு முடித்து, மாத்திரை அட்டையை மேஜை நடுவில் வைத்தாள். மாத்திரையைப் பிதுக்கி எடுக்கும் சத்தத்துக்கே நாலு தலைகள் திரும்பின.

"என்ன மாத்திரைக்கா அது?"

"கால்சியம்." குரலை இழுத்து மேலே கொண்டுவந்தாள். மேஜைக் கோடிவரை போக வேண்டுமே. "எனக்குத் தைராய்டு. குதிகால் வலி. எனக்குத்தான் சார் வலி, அவளுக்கு இல்ல. அவ பொய் சொன்னா. நான் பேசாம இருந்தேன்."

"அக்கா, சும்மா இரு" என்றாள் ரேடியோ, வாயில் சாப்பாட்டோடு.

சூப்பர்வைசர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே காலை வச்சுக்கிட்டா ரெண்டு பேரும் நடக்கறீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும், "சரி, நாளையிலிருந்து துண்டு அறைக்கு நீங்க போங்க, அவங்க டேபிளுக்கு வரட்டும்" என்றார். எக்ஸ்பிரஸ் தலையாட்டினாள்.

கைகழுவும் இடத்தில் ரேடியோவைப் பிடித்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"மாடி வீட்டம்மாவுக்குக் குதிகால் வலின்னியே, அன்னைக்கே தெரியும். நீ காய்ச்சல்ல கிடந்தப்போ உன் வீட்டுக்கு வந்தேனே, மறந்துட்டியா? உனக்கு மேல தண்ணி டேங்குதானேக்கா இருக்கு. டேங்குக்கு ஏது குதிகால்?"

எக்ஸ்பிரஸுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "தெரிஞ்சுமா பேசாம இருந்த?"

"அந்தத் துண்டு அறைக்குப் பயந்துதான் மறைக்கறன்னு புரிஞ்சுது. நீயா சொல்லுவன்னு பார்த்தேன். சொல்லல. நான் பேசினா கேக்கவும் இல்ல. கோவம் வராதா?"

"கேட்டேன். உம் கொட்டினேன். சத்தம் வரல."

ரேடியோ குழாயை மூடவில்லை. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. "அத சொல்லக் கூடாதா?" என்றாள் கடைசியில்.

"கோவத்துல இருந்தவ எதுக்கு எனக்காக நடந்த?"

"கோவம் வேற, கால் வேற" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அடுத்த நாள் எக்ஸ்பிரஸ் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். எவ்வளவு பயந்தாளோ அப்படியேதான் இருந்தது. நான் பூசி மெழுக மாட்டேன். எதிரே சுவர், மேஜையில் துண்டு, மூடிய கதவுக்கு அப்பால் மெஷின்களின் இரைச்சல். மடித்து முடித்த துண்டுகள் ஏறிக்கொண்டே போகும், அதைச் சொல்ல ஆள் இருக்காது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே. சில நாட்கள் பஸ்ஸில் கண்டக்டரிடம் இறங்கும் இடத்தைச் சொன்னதோடு அன்றைய பேச்சு முடிந்தது.

ஆனால் விடிந்ததும் ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில், தண்ணீரோடு. அதற்காகக் கொஞ்சம் முன்னாலேயே எழுந்து, டீக்காகக் காத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மத்தியானம் கால்சியம், எல்லோருக்கும் நடுவில். சாப்பிட்டதும் ஹோட்டலின் பின்வாசலுக்குப் போய் வெயிலில் கொஞ்ச நேரம் காலை நீட்டி உட்கார்ந்தாள். வாரங்கள் போகப் போக முகத்தின் உப்பல் வடிந்தது. கம்பளிச் சட்டை பெட்டிக்குள் போனது. காலையில் தரையில் வைத்த கால், ஒரு நாள், சும்மா தரையில் வைத்த காலாக இருந்தது. ஆணி முழுவதும் போய்விடவில்லை. அதன் முனை மழுங்கியிருந்தது.

குரல் வந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. பேசிப் பார்க்க ஆள் வேண்டுமே.

ஒரு நாள் துண்டு அறைக் கதவு திறந்தது. ரேடியோ, சக்கரம் உடைந்த ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, கதவு சாத்திக்கொள்ள முடியாதபடி நடுவில் நிறுத்தினாள். எக்ஸ்பிரஸைப் பார்க்கக்கூட இல்லை. திரும்பிப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் மெஷின்களுக்கு அப்பாலிருந்து அவள் குரல் கேட்டது. பேசவில்லை, கத்தினாள்.

"என் மாமியாரோட அக்கா வந்திருக்காங்க! நேத்து ராத்திரி! சொல்லாம கொள்ளாம!"

"ஏம்மா இப்படிக் கத்தற? காதுல பாட்டு ஓடுதே, அதையும் தாண்டி வருது" என்றாள் புதுசு.

"உனக்கு யாரு சொன்னா? நீ பாட்டக் கேளு!" என்று அதையும் கத்தியே சொன்னாள் ரேடியோ. "வந்தவங்க கையில என்ன இருந்துச்சு தெரியுமா? பக்கத்து வீட்டு நாய்!"

அங்கே நிறுத்தினாள்.

எக்ஸ்பிரஸ் கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள். அந்த இடைவெளி அவளுக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறந்தாள். முதலில் கரகரப்பு மட்டும் வந்தது. எச்சில் விழுங்கி, நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்தாள்.

"உம்!"

ரோலரைத் தாண்டி அது போனது.  பக்கத்து மேஜைகளில் தலைகள் திரும்பின.

"அப்புறம் என்ன ஆச்சுன்னா..." என்று ரேடியோ தொடர்ந்தாள். அவள் குரல் உடைந்திருந்தது. அதை மறைக்க இன்னும் சத்தமாகக் கத்தினாள்.